கட்டுவிரியன் என்று வந்த பாம்பு

விலங்கியலில் பட்டம் வாங்கிய கையோடு எனக்குக் காரைக்குடியில் ஒரு கல்லூரியில் டெமான்ஸ்ட்ரேட்டர் வேலை கிடைத்தது. எழுபதுகளின் தொடக்கம் அது. நெற்குப்பைக்குப் பக்கத்தில் விவசாயக் குடும்பம் எங்களுடையது. பெண்பிள்ளை காலேஜில் வேலை பார்க்கிறாள் என்பதில் என் அய்யாவுக்குப் பெருமைதான். என்ன வேலை என்று யாராவது கேட்டால் மட்டும் கொஞ்சம் தடுமாறுவார். "தவளை அறுக்கச் சொல்லிக் குடுக்குது" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மழைக்கு மாற்றிவிடுவார்.

உண்மையில் முதல் ஆறு மாதம் நான் தவளையைத் தொடவே இல்லை. சேர்ந்த மறுநாளே துறைத் தலைவர் என்னை மியூசியம் என்று பலகை தொங்கிய நீளமான அறைக்கு அழைத்துப் போனார். சுவர் முழுக்க அலமாரி, அலமாரி முழுக்கக் கண்ணாடி ஜாடிகள். கடல் குதிரை, நட்சத்திர மீன், தேள், பூரான், இரண்டு தலையோடு பிறந்த ஆட்டுக்குட்டி, பாம்புகள். எல்லாம் சாராயத்திலோ ஃபார்மலினிலோ ஊறிக்கொண்டிருந்தன. ஜாடிகள் நன்றாகத்தான் இருந்தன. அவற்றின் மேல் ஒட்டியிருந்த சீட்டுகளைத்தான் ராமபாணப் பூச்சி தின்று தீர்த்திருந்தது. ஒன்றில் பாதிப் பெயர் இருக்கும். இன்னொன்றில் வெறும் பசைக்கறை.

"பேர் இல்லாத ஜாடி ஊறுகாய் மாதிரிம்மா" என்றார் அவர். "எதுக்கு வச்சிருக்கோம்னே தெரியாது. ஒவ்வொண்ணா எடுத்து, என்னன்னு கண்டுபிடிச்சு, புதுசாச் சீட்டு எழுதுங்க. பழைய சீட்டை நம்பி எழுதாதீங்க. உயிரைப் பாத்து எழுதுங்க."

அந்தக் கடைசி வாக்கியத்தை நான் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

எனக்குத் துணை அந்தத் துறையின் அட்டெண்டர். கல்லூரி தொடங்கிய காலத்திலிருந்து அங்கேயே இருப்பவர். மாதா மாதம் ஜாடிகளைத் திறந்து, வற்றிப்போன அளவுக்குச் சாராயம் ஊற்றி மூடி, விளிம்பில் மெழுகு பூசுவது அவர் வேலை. விலங்குகளை வகைப்படுத்த அவரிடம் ஒரு சொந்த முறை இருந்தது. "இது நல்லாக் குடிக்கும். இது மட்டாக் குடிக்கும். இந்தக் கடல் அட்டை இருக்கு பாருங்க, மொடாக்குடி." மூடி சரியாகப் பொருந்தாத ஜாடியெல்லாம் அவர் கணக்கில் குடிகாரர்கள். சிரித்தாலும், எனக்கு ஒன்று புரிந்தது. அந்த மனிதர் ஒரு மாதம் சோம்பியிருந்தால்கூட அந்த அலமாரியில் பாதி காய்ந்த தோலாகப் போயிருக்கும்.

உயிரினங்களுக்கு ஏன் லத்தீன் பெயர் என்று ஒவ்வோர் ஆண்டும் புதுமுக வகுப்பில் யாராவது கேட்பார்கள். நானும் கேட்டவள்தான். இருநூறு ஆண்டுகளுக்கு முன் வட ஐரோப்பாவில் ஒருவர் தொடங்கிவைத்த வழக்கம் அது. ஒவ்வோர் உயிருக்கும் இரண்டு சொல்லில் பெயர். முதல் சொல் அதன் பேரினத்தைச் சொல்லும், இரண்டாவது சொல் அந்தப் பேரினத்துக்குள் அது யார் என்று சொல்லும். தேர்வில் இதை எழுதி மதிப்பெண் வாங்கியிருந்தேனே தவிர, அதன் தேவை எனக்கு உறைத்தது அந்த ஜாடிகளோடு உட்கார்ந்தபோதுதான். எங்கள் ஊரில் உடம்பில் வரிவரியாகக் கட்டுப் போட்ட பாம்பெல்லாம் கட்டுவிரியன். ஆத்தங்குடிப் பக்கம் அதையே எட்டடி விரியன் என்பார்கள், கடித்தால் எட்டு அடிக்குள் ஆள் விழுந்துவிடுவான் என்று. ஆக, ஒரே பாம்புக்கு இரண்டு பெயர். அது பரவாயில்லை. இரண்டு பாம்புக்கு ஒரே பெயர் இருந்தால்?

இருந்தது. அதை நான் மூன்றாவது மாதம் கண்டுபிடித்தேன்.

பாம்பு அலமாரியில் ஒரு ஜாடியின் சீட்டு மட்டும் பூச்சிக்குத் தப்பியிருந்தது. அழகான கையெழுத்தில் 'பங்காரஸ் செருலியஸ், கட்டுவிரியன்' என்று இருந்தது. பார்த்தே எழுதிவிடலாம் என்று பேனாவை எடுத்தேன். துறைத் தலைவர் சொன்னது நினைவுக்கு வந்ததால் மட்டும் பாம்பை வெளியே எடுத்து மெழுகுத் தட்டில் போட்டேன்.

இனம் காண்பதற்கு ஒரு பட்டியல் உண்டு. ஆங்கிலத்தில் அதைச் 'சாவி' என்றே சொல்வார்கள். ஒவ்வொரு படியிலும் இரண்டு வரி. முதுகின் நடு வரிசைச் செதில்கள் மற்றவற்றைவிடப் பெரிதாக, ஆறு பக்கம் கொண்டவையாக இருக்கின்றனவா? ஆமாம் என்றால் இந்த எண்ணுக்குப் போ. இல்லையென்றால் அந்த எண்ணுக்குப் போ. இப்படி ஆமாம், இல்லை என்று சொல்லிக்கொண்டே நடந்தால் கடைசியில் ஒரு பெயர் வாசலில் நிற்கும். நான் நடந்தேன். நடு வரிசைச் செதில்கள் பெரிதாக இல்லை. வாலுக்கு அடியில் செதில்கள் ஒற்றையாக இருக்க வேண்டும், இரட்டை இரட்டையாக இருந்தன. மூக்குக்கும் கண்ணுக்கும் நடுவே கட்டுவிரியனுக்கு இருக்கக்கூடாத ஒரு சின்னச் செதில் இருந்தது. கட்டுகள் கழுத்துப் பக்கம் பளிச்சென்று இருந்து வால் பக்கம் மங்கின. கட்டுவிரியனுக்கு அது தலைகீழ்.

வாசலில் நின்ற பெயர் 'லைக்கோடான் ஆலிகஸ்'. ஓநாய்ப் பல் என்று முதல் சொல்லுக்குப் பொருள். வீடுகளுக்குள் பல்லி பிடிக்க வரும், விஷம் துளியும் இல்லாத பாம்பு. எங்கள் பக்கம் அதற்கென்று தனிப்பெயர் ஏதும் நான் கேட்டதில்லை. அதனால் அது எப்போதும் கட்டுவிரியனாகவே சாகும்.

தப்பு என்னுடையதாகத்தான் இருக்கும் என்று நினைத்துச் செதில்களை மூன்று முறை எண்ணினேன். பிறகு தட்டைத் தூக்கிக்கொண்டு துறைத் தலைவரின் அறைக்குப் போனேன்.  பழைய சீட்டு அவருடைய கையெழுத்து.

அவர் கை லென்ஸை எடுத்தார். வாலடியை நெடுநேரம் பார்த்தார். ஜன்னல் பக்கம் போய் வெளிச்சத்தில் மறுபடி பார்த்தார். திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"பன்னிரண்டு வருஷமா இதைக் காட்டித்தாம்மா கட்டுவிரியன் பாடம் நடத்துறேன்" என்றார்.

 "சார், மன்னிச்சுக்குங்க" என்றேன்.

"நீங்க எதுக்கு மன்னிப்புக் கேக்குறீங்க? நான்ல பாம்புகிட்டக் கேக்கணும்."

அன்றே அவர் புதுச் சீட்டைத் தன் கையால் எழுதினார். பெயருக்குக் கீழே 'இனங்கண்டவர்' என்று ஒரு வரி போட்டு, அங்கே என் பெயரை எழுதினார். பழைய சீட்டை நான் கிழிக்கப் போனபோது தடுத்துவிட்டார். "அதுவும் ஜாடியோடவே இருக்கணும். யார் எப்ப என்ன நெனச்சாங்கன்னு பின்னால வர்றவங்களுக்குத் தெரியணும்ல." அந்த வாரமே மூன்றாம் ஆண்டு வகுப்பில் ஜாடியைத் தூக்கிக் காட்டி, தான் செய்த தவறைச் சொன்னார். பிள்ளைகள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். மேலதிகாரி ஒருவர் தன் தவற்றை இப்படி வெளிச்சத்தில் வைப்பதை அதற்குப் பிறகு முப்பது வருட வேலையில் நான் அதிகம் பார்த்ததில்லை. அந்த ஒரு நாளுக்காகவே அவருக்கு நான் நன்றி சொல்ல வேண்டும்.

உண்மையான கட்டுவிரியன் ஒன்றும் எங்களிடம் இருந்தது, சீட்டே இல்லாத வேறொரு ஜாடியில். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் வரைந்து, செதில் எண்ணி, ஒரு மாதம் அதிலேயே கிடந்தேன். 'பங்காரஸ்' என்ற சொல் தெலுங்கிலிருந்து போனது என்று படித்தபோது எனக்கு ஏனோ சந்தோஷமாக இருந்தது. பொன் என்று அர்த்தமாம். எங்கோ ஆந்திரப் பக்கத்தில் யாரோ ஒருவர், பாம்பைக் காட்டிக் கேட்ட வெள்ளைக்காரரிடம் தன் ஊர்ப் பெயரைச் சொல்லியிருக்கிறார். அது உலகம் முழுக்கப் போய்விட்டது. சொன்னவர் யாரென்று தெரியாது.

அதற்கு அடுத்த மாதம், ஒரு திங்கட்கிழமை காலை. துறைத் தலைவர் விடைத்தாள் திருத்த மதுரைக்குப் போயிருந்தார். நான் முதல் வகுப்புக்கு நுண்ணோக்கிகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். முப்பது வயதிருக்கும். சேலையில் சிமென்ட்டும் சிவப்புச் சாயமும் அப்பியிருந்தது. கையில் மூடி போட்ட தூக்குவாளி. மூச்சு வாங்கியது.

"இங்குட்டுத்தான பாம்பு பாக்குறவுக இருக்காக?"

"என்னம்மா விஷயம்?"

"ஆஸ்பத்திரியில டாக்டரம்மா அனுப்புனாக. எங்க வீட்டுக்காரவுகளைக் கடிச்சிருச்சு. இது என்ன பாம்புன்னு பாத்து எழுதிக் குடுப்பீகளாம்." தூக்குவாளியோடு ஒரு துண்டுச் சீட்டையும் நீட்டினாள்.

சீட்டில் பெரிய ஆஸ்பத்திரி டாக்டரம்மா ஆங்கிலத்தில் நாலு வரி எழுதியிருந்தார். விடியற்காலை கடித்திருக்கிறது. பார்த்தவர்கள் எல்லாரும் கட்டுவிரியன் என்கிறார்கள். ஆளிடம் இன்னும் அறிகுறி இல்லை, ஆனால் கட்டுவிரியன் விஷம் மெதுவாகத்தான் காட்டும். பல பாம்புக்கும் பொதுவான விஷமுறிவு மருந்து கையில் ஒரு ஆளுக்குத்தான் இருக்கிறது, இன்னொரு நோயாளியும் இருக்கிறாள். உடனே பதில் வேண்டும்.

நான் அதை இரண்டு தடவை படித்தேன்.  துறைத் தலைவர் இல்லை. வேறு ஆசிரியர்கள் இன்னும் வரவில்லை. எனக்கு வயது இருபத்திரண்டு.

அந்தப் பெண் ஆத்தங்குடிக்காரி. அவளும் கணவனும் அங்கே தரைக்குப் பதிக்கும் பூக்கல் வார்க்கும் பட்டறை ஒன்றில் வேலை செய்கிறார்கள். வெயில் ஏறுமுன் கற்களைக் காயப் பரப்பிவிட வேண்டும் என்று இருட்டோடு பட்டறையைத் திறந்திருக்கிறார்கள். சாக்குக் கட்டை எடுக்கக் கை வைத்திருக்கிறார் கணவன். விரலில் ஏதோ கவ்வியிருக்கிறது. உதறியும் விடவில்லை.

"விரலைக் கவ்விக்கிட்டுத் தொங்குச்சுங்க. அவுக கையை உதறுறாக, அது விடவே மாட்டேங்குது. கீழ விழுந்ததும் எல்லாரும் கல்லை எடுத்துக்கிட்டு ஓடியாந்தாக. நான்தான் கத்துனேன், தலையை நசுக்காதீக, வாலை நசுக்காதீக, ஆஸ்பத்திரியில என்ன பாம்புன்னு கேப்பாகன்னு. ஈரச் சாக்கைப் போட்டு மூடி, கட்டையால நடு முதுகுல ஒரே அடி."

"அப்படிச் செய்யணும்னு ஒங்களுக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லலைங்க. முன்னாடி எங்க தெருவுல ஒருத்தரைக் கடிச்சப்ப, டாக்டர் பாம்பு எங்கன்னு கேட்டாரு. கூழாக்கிக் கொண்டுபோய்க் குடுத்தாக. அவரு என்னத்தப் பாப்பாரு?"

தூக்குவாளியைத் திறந்தேன். பழுப்பு உடம்பில் வெள்ளைக் கட்டுகள். பார்த்த முதல் நொடியில் என் மனம் இரண்டு பெயரையும் மாற்றி மாற்றிச் சொன்னது. எடுத்த இடுக்கி நழுவி விழுந்தது.

அட்டெண்டர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றார். மியூசியத்துக்குள் போய் இரண்டு ஜாடிகளையும் எடுத்து வந்தார். ஒன்றை மேசையின் இடப் பக்கமும், இன்னொன்றை வலப் பக்கமும் வைத்து, நடுவில் மெழுகுத் தட்டைப் போட்டார். கீழே விழுந்த இடுக்கியைத் துடைத்து என் கையில் கொடுத்தார்.

"போன மாசம் பூரா இதைத்தானம்மா பாத்துக்கிட்டு இருந்தீக" என்றார். "அவசரப்படாதீக. எண்ணுங்க."

எண்ணினேன். முதுகின் நடு வரிசை, பக்கத்து வரிசைகளைப் போலவே சின்னது. வாலடிச் செதில்கள் நுனி வரை இரட்டை. மூக்குக்கும் கண்ணுக்கும் நடுவே சின்னச் செதில், இரண்டு பக்கமும். கட்டுகள் கழுத்தில் பளிச், வாலில் மங்கல். வாயைத் திறந்து பார்த்தேன். முன்பக்கம் நீண்ட பற்கள், ஓநாய்ப் பல். அப்படியே திருப்பிப் போட்டு முதலிலிருந்து மறுபடி எண்ணினேன். ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்ல, அட்டெண்டர் ஒரு தாளில் கோடு போட்டுக்கொண்டே வந்தார். மூன்றாவது தடவையும் அதே வாசல்தான்.

"விஷம் இல்லாத பாம்பு" என்றேன்.

அந்தப் பெண் என் முகத்தையே பார்த்தாள். அழவில்லை. "இதைக் காகிதத்துல எழுதுங்க. நான் ஓடுறேன்" என்றாள்.

எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பிறகு அந்தக் கையெழுத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. ஜாடிச் சீட்டில் தப்பாக எழுதினால் ஒரு ஜாடி தப்பாகும். இதில் தப்பாக எழுதினால்? "நானும் வாரேன்" என்றேன். அட்டெண்டர் என் வகுப்பை அடுத்த மணிக்குத் தள்ளிவைக்க ஏற்பாடு செய்வதாகச் சொன்னார். தட்டையும் லென்ஸையும் எடுத்துக்கொண்டு அவளோடு அவள் வந்த ரிக்‌ஷாவிலேயே ஏறினேன்.

டாக்டரம்மா வார்டு வாசலிலேயே நின்றிருந்தார். ஒல்லியான, கண்ணாடி போட்ட அம்மாள். வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்தவர். காகிதத்தைப் படித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"புரொஃபசர் எங்கே?"

"மதுரைக்குப் போயிருக்காங்க. நான் டெமான்ஸ்ட்ரேட்டர்."

"உறுதியாத் தெரியுமா?"

வாயால் சொல்வதைவிடக் காட்டுவது மேல் என்று தோன்றியது. ஜன்னல் ஓரமாகத் தட்டை வைத்து, பாம்பைத் திருப்பி, லென்ஸை அவர் கையில் கொடுத்தேன். "வாலுக்கு அடியில பாருங்க டாக்டர். கட்டுவிரியனா இருந்தா ஒரே வரிசையாப் போகும். இது ரெட்டையாப் போகுது." அவர் குனிந்து பார்த்தார். முதுகைக் காட்டினேன். மூக்கோரச் செதிலைக் காட்டினேன். அவசரப்படாமல் எல்லாவற்றையும் பார்த்தார்.

"சரி, இந்தப் பாம்பு விஷமில்லாததுன்னே வச்சுக்குவோம். கடிச்சது இந்தப் பாம்புதானா?"

இது எனக்குத் தோன்றவே இல்லை. ஆத்தங்குடிப் பெண் முன்னால் வந்தாள். "விரல்ல தொங்கினதை என் கண்ணால பாத்தேங்க. அங்கேயே விழுந்துச்சு, அங்கேயே அடிச்சோம். வேற பாம்பு கெடையாது."

டாக்டரம்மா ஒரு நொடி கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு நர்ஸைக் கூப்பிட்டு, மருந்து முழுவதையும் அடுத்த கட்டிலுக்கு எடுத்துப் போகச் சொன்னார். அங்கே குன்றக்குடிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு இளம்பெண் படுத்திருந்தாள். புல் அறுக்கப் போன இடத்தில் கண்ணாடிவிரியன் கடித்திருந்தது. கால் முழங்கால் வரை வீங்கி, ஈறில் இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அவள் விஷயத்தில் யாருக்கும் சந்தேகம் இல்லை. மருந்தில் பாதியை ஆத்தங்குடிக்காரருக்காக எடுத்துவைப்பதா என்பதுதான் அதுவரை டாக்டரம்மாவின் திண்டாட்டம்.

"இவரைச் சாயங்காலம் வரைக்கும் நான் கண்காணிப்பேன்" என்று என்னிடம் சொன்னார். "கண்ணிமை தொங்கினாலோ, முழுங்கச் சிரமப்பட்டாலோ உடனே மதுரைக்குக் காரில் அனுப்பிடுவேன். நீங்க சொன்னதை நம்புறேன். ஆனா பாக்காம இருக்க மாட்டேன்."

அந்தக் கடைசி இரண்டு வாக்கியமும் சேர்ந்து வந்ததற்கு நான் எவ்வளவு நன்றியுள்ளவள் என்பதைச் சொல்லத் தெரியவில்லை. முதல் வாக்கியம் மட்டும் வந்திருந்தால் நான் பாரம் தாங்காமல் அங்கேயே உட்கார்ந்திருப்பேன்.

கல்லூரிக்குத் திரும்பிப் போக மனம் வரவில்லை. கடிபட்டவரின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். அவர் நல்ல உயரமான ஆள். விரலில் வரிசையாகச் சின்னச் சின்னப் புள்ளிகள். முகம் மட்டும் வெளிறிப்போயிருந்தது.

"ஒண்ணும் ஆகாது. விஷமில்லாத பாம்பு" என்றேன்.

"எட்டடி விரியன்தாங்க. எனக்குக் கையெல்லாம் மரத்துப்போச்சு" என்றார். பிறகு மனைவியைப் பார்த்து, தன் பித்தளை அச்சை யாருக்குக் கொடுக்க வேண்டும் என்று சொல்ல ஆரம்பித்தார். பூக்கல்லில் சாயம் ஒன்றோடொன்று கலக்காமல் ஊற்றும் அச்சு அது. மனைவி, "பேசாம படுங்க, டீச்சரம்மா எண்ணிப் பாத்துட்டாக" என்று அதட்டினாள்.

எண்ணிப் பார்த்துவிட்டேன். ஆனால் மணி பதினொன்றாகும்போது, நான் எண்ணியது சரிதானா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. எந்தப் புத்தகத்தை நம்பி எண்ணினேனோ, அதை எழுதியவர்கள் எண்ணியது சரியா? அவர்களுக்கு முன்னால் எண்ணியவர்கள்? யார் யாரோ முகம் தெரியாதவர்கள், எங்கெங்கோ செத்த பாம்புகளைத் திருப்பிப் போட்டு, வெயிலிலும் விளக்கிலும் செதில் எண்ணி எழுதிவைத்த வரிகளின் மேல் இந்த மனிதரின் உயிர் படுத்திருந்தது. அவர்களில் ஒருவர் சோம்பேறித்தனமாக ஒரு வரியை எழுதியிருந்தால்கூடப் போதும். அந்தக் கட்டிலருகே உட்கார்ந்துதான் நான் அவர்களை மனிதர்களாக முதன்முதலில் நினைத்துப் பார்த்தேன். அதுவரை அவர்கள் பரீட்சைக்கு முந்திய வாரத்து எரிச்சல்.

பன்னிரண்டு, ஒன்று, இரண்டு. டாக்டரம்மா அரை மணிக்கொருமுறை வந்து அவர் கண்ணிமையைத் தூக்கச் சொன்னார், நாக்கை நீட்டச் சொன்னார், தண்ணீர் குடிக்கச் சொன்னார். மூன்று மணி வாக்கில் அவர் எழுந்து உட்கார்ந்து, "பசிக்குது" என்றார். மனைவி வெளியே ஓடிப்போய் இட்லி வாங்கி வந்தாள். நாலு இட்லி தின்றுவிட்டு இன்னும் இருக்கிறதா என்று பார்த்தார். அப்போதுதான் அவள் அழுதாள். சத்தம் போடாமல், பொட்டலம் கட்டியிருந்த வாழை இலையை மடித்துக்கொண்டே அழுதாள்.

சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்துக்கு டாக்டரம்மா என் தோளைத் தொட்டார். "வீட்டுக்குப் போங்கம்மா. நீங்க சொன்னது சரி." அடுத்த கட்டில் பெண்ணுக்கு ஈறில் இரத்தம் நின்றிருந்தது. வீக்கம் வடியப் பத்து நாள் ஆனது. நானும் தினமும் கல்லூரி முடிந்து போய்ப் பார்த்தேன். அவள் என்னிடம் அதிகம் பேசவில்லை. தனக்கு நான் என்ன செய்தேன் என்று அவளுக்குத் தெரியாது. தெரியவேண்டிய அவசியமும் இல்லை. காலைத் தரையில் ஊன்றி அவள் வராந்தா வரை நடந்த அன்று, நானும் பக்கத்திலேயே நடந்தேன்.

துறைத் தலைவர் மதுரையிலிருந்து திரும்பியதும் அட்டெண்டர்தான் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னார். நான் எண்ணிய மூன்று முறையைப் பன்னிரண்டாக்கிச் சொன்னாராம். துறைத் தலைவர் என்னைக் கூப்பிட்டு, அந்தப் பாம்பையும் ஜாடியில் போட்டுச் சீட்டு எழுதச் சொன்னார். "பிடித்த இடம் ஆத்தங்குடி" என்று எழுதினேன். "பிடித்தவர்" என்ற இடத்தில் அந்தப் பெண்ணின் பெயரை எழுதினேன். விலங்கியல் மியூசியத்தில் பூக்கல் பட்டறைக்காரி ஒருத்தியின் பெயர் எதற்கு என்று பின்னாளில் ஒரு சக ஆசிரியர் கேட்டார். மாதிரியைச் சேதமில்லாமல் சேகரித்தவர் அவர்தான், விதிப்படி அவர் பெயர்தான் வர வேண்டும் என்றேன். அதுதான் விதி.

இரண்டு மாதம் கழித்து ஆத்தங்குடிப் பெண்ணும் அவள் கணவரும் கல்லூரிக்கு வந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவர் தலை மொட்டை. குன்றக்குடி முருகனுக்கு நேர்ந்துகொண்டதாம். போனேன். பட்டறை முற்றத்தில் பூக்கற்கள் வரிசை வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. கூட வேலை செய்பவர்கள் ஏழெட்டுப் பேர் சுற்றி உட்கார, நான் வரைந்த இரண்டு பாம்புப் படத்தையும் விரித்துக் காட்டினேன். எது எது, எப்படிப் பார்ப்பது என்று சொன்னேன். "ஆனா நீங்க யாரும் குனிஞ்சு செதில் எண்ணாதீக. எந்தப் பாம்பா இருந்தாலும் எட்ட நில்லுங்க. கடிச்சா ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடணும்" என்றும் சொன்னேன்.

"இந்த நல்ல பயலுக்கு என்ன பேரு?" என்று கடிபட்டவர் கேட்டார்.

லத்தீன் பெயரைச் சொன்னேன். எல்லாரும் சிரித்துவிட்டார்கள்.

"நம்ம வாயில நிக்கிற மாதிரி ஒரு பேரு வைங்க டீச்சரம்மா" என்றாள் அவர் மனைவி.

"அது என் கையில இல்லையே. புழங்குறவுகதான் வைக்கணும்."

அவர்களுக்குள் கொஞ்ச நேரம் வாதம் நடந்தது. சாக்குப்பாம்பு என்றார் ஒருவர். தொங்கட்டான் என்றார் இன்னொருவர். கடைசியில் அவளே சொன்னாள்: "கட்டுவிரியன் மாதிரி இருக்கு, ஆனா இல்லை. பொய்க்கட்டுன்னு வைப்போம்." யாரும் மறுக்கவில்லை. நான் அதை என் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

சாப்பாடு முடிந்து பஸ்ஸுக்கு நடந்தபோது கடிபட்டவரும் கூட வந்தார். வழியில் ஒன்று சொன்னார்.

"அன்னைக்கு நீங்க பக்கத்துல உக்காந்து என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு இருந்தீக. எனக்குத் தைரியம் சொல்லத்தான் உக்காந்திருக்கீகன்னு நெனச்சேன். மத்தியானத்துக்கு மேலதான் தெரிஞ்சது, என்னைவிட நீங்கதான் பயந்துபோயி இருந்தீகன்னு."

"எப்படித் தெரிஞ்சது?"

"மணியைக் கேட்டுக்கிட்டே இருந்தீகளே! சரி, இந்தப் புள்ளைக்காகவாவது நாம பொழைக்கணும்னு அப்பத்தான் பசிக்குதுன்னு சொன்னேன்."

நான் நடுரோட்டில் நின்று சிரித்தேன். அவரும் சிரித்தார். பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்து ஜன்னல் வழியாக, "ரொம்ப நன்றிங்க" என்றேன். நாங்கதானே நன்றி சொல்லணும் என்று அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பஸ் நகர்ந்துவிட்டது.